சித்தப்பாவுக்கு டெல்லி காட்டப் போறியாக்கும்?

ஏலே தம்பி, இங்கன வா. ஊர்லருந்து சித்தப்பாவும் சித்தியும் வாராகளாம்லா? நீ என்னமோ கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமாப் போட்டு, கட்டத்துக்கு ஒரு கலர் அடிச்சு வச்சிருக்கியாமே. காலையில ஒம்பதுக்குச் செங்கோட்டை, பதினொண்ணுக்கு ஜும்மா மசூதி, மத்தியானம் குதுப்மினார், சாயங்காலம் தாமரைக் கோயில், ராத்திரி இந்தியா கேட். சரிடே, அந்த மனுசன் எப்பம் ஒண்ணுக்குப் போவாரு? அதுக்கு எந்தக் கலர் அடிச்சிருக்க?

கட்டத்தை நானும் பாத்தேன். செங்கோட்டைய திங்கக்கிழமையில போட்டிருக்க. அன்னைக்குப் போனா பூட்டைத்தான் பாக்கலாம். தாமரைக் கோயிலும் திங்கக்கிழமை லீவு. ஆக்ராவைத் தூக்கி வெள்ளிக்கிழமையில வச்சிருக்க. தொழப் போறவுகளுக்குத்தான் அன்னைக்குத் தாஜ்மகால் கதவு திறக்கும், வேடிக்கை பாக்கப் போற உனக்குத் திறக்காது. எந்த மூலைக்கடையில காப்பி நல்லாருக்குன்னு போன்ல பாக்கத் தெரியுது. கதவு திறந்திருக்குமான்னு பாக்கத் தெரியலையே, என்ன படிப்புடே அது?

அவுக வாரது திருக்குறள் எக்ஸ்பிரஸ்ல. நிஜாமுதீன்ல இறங்கும்போது கால் ரெண்டும் வீங்கிப்போயிருக்கும். நீ ஏ.சி. கார் பிடிச்சு, ரிங் ரோட்டு நெரிசல்ல உக்காத்திவச்சு, ஒவ்வொரு மேம்பாலமாக் காட்டிக்கிட்டு வருவே. மேம்பாலம் திருநெல்வேலியில இல்லையா? ஊர் உலகத்துக்கு முந்தியே அங்க கட்டுன ஈரடுக்குப் பாலத்தைப் பாத்தவருடே அவரு. ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தா சராய் காலே கான் மெட்ரோ. பிங்க் லைன். மாறாம கொள்ளாம ஒரே வண்டியில லாஜ்பத் நகர், ஐ.என்.ஏ., சரோஜினி நகர், பிக்காஜி காமா, அடுத்தது நம்ம மோதி பாக். 2018-லருந்து ஓடுது.

அந்த ஸ்டேஷன் பேரை முழுசா வாசிச்சிருக்கியா? சர் எம். விஸ்வேஸ்வரய்யா மோதி பாக். கிருஷ்ணராஜ சாகர் அணை கட்டுன இஞ்சினியருன்னு சித்தப்பாகிட்டச் சொல்லிப் பாரு. "ஓகோ, காவேரித் தண்ணிய மறிச்சாரே, அவருதானா?"ன்னு ஆரம்பிப்பாரு. வீடு வந்து சேருத வரைக்கும் பேச்சுக்குப் பஞ்சமிருக்காது. நீ காதுல மாட்டியிருக்கதைக் கழட்டிரு, அம்புட்டுதான்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த கூத்து. இந்த ஊர்ல ஒருத்தன் இன்னொருத்தனைப் பாத்தா, பேரு கேக்குமுன்ன 'எந்த டைப் கவர்மெண்ட் குவார்ட்டர்ஸ்'னுதான் கேப்பான். டைப் டூன்னா ஒரு சிரிப்பு, டைப் ஃபோர்னா ஒரு சிரிப்பு. உனக்கு நம்ம ரெண்டு ரூம் குவார்ட்டர்ஸைக் காட்ட வெக்கம். அதனால சித்தப்பாவை நியூ மோதி பாக் பக்கம் கூட்டிக்கிட்டுப் போயி, பெரிய பெரிய அதிகாரிக இருக்க காலனிக் கேட்டைக் காட்டி, "எங்க ஏரியாதான்"னு சொல்லலாம்னு ஒரு நெனப்பு. வேண்டாம்டே. அங்க வாச்மேன் உன்ன நிறுத்தி யாருன்னு கேட்டான்னா சித்தப்பா முன்னால நல்லாருக்காது.

வீட்டுப் பக்கத்துல குருத்வாரா மோதி பாக் சாகிப் இருக்கு. எத்தன வருசமா இந்தத் தெருவுல இருக்க, ஒரு நாள் உள்ள போயிருக்கியா? போகமாட்டே. நடந்து போற தூரத்துல இருந்தா அது ஊர் சுத்துததுல சேத்தி இல்ல. டிக்கெட் வாங்கணும், வரிசையில நிக்கணும், வேர்த்துக் கொட்டணும். அப்பத்தான் உனக்குத் திருப்தி.

1707-ல குரு கோவிந்த் சிங் டெல்லிக்கு வந்தப்போ இங்கனதான் தங்குனாருன்னு சீக்கியங்க சொல்லுவாங்க. இங்கருந்து ஒரு அம்பு விட்டாராம். அது போயி செங்கோட்டையில இருந்த முவாசமோட ஆசனத்துக் கால்ல குத்துச்சாம். ஔரங்கசீப் மகன் முவாசம், பின்னால பகதூர் ஷான்னு பட்டம் கட்டுனவன். இது ஏதோ அற்புதம்னு அவன் வாயைப் பொளக்க, ரெண்டாவது அம்பு ஒரு சீட்டோட வந்துச்சாம். அற்புதமும் இல்ல ஒண்ணும் இல்ல, வில்வித்தைதான்னு அந்தச் சீட்டுல எழுதியிருந்துச்சாம். நீ உடனே போனை எடுத்து இங்கருந்து செங்கோட்டைக்கு எத்தன கிலோமீட்டர்னு அளப்பே. முருகன் மயில்ல ஏறி உலகத்தைச் சுத்துனதை எந்த மேப்புல அளந்த? கதையைக் கேக்கும்போது கதையைக் கேளு.

குருத்வாராவுக்குள்ள போகும்போது தலையை மூடணும். நீ போட்டிருக்க தொப்பி அங்க ஆகாது. வாசல்ல ஒரு கூடையில துணி கிடக்கும், எடுத்துக் கட்டிக்கோ. சித்தப்பாவுக்கு அந்தக் கவலையே இல்ல. தோள்ல கிடக்க துண்டை எடுத்து ஒரே சுத்துல உருமா கட்டிக்குவாரு. சித்தி முந்தானையை இழுத்து விட்டுக்குவா. நீதான் முடிச்சுப் போடத் தெரியாம கண்ணாடியைத் தேடுவே. செருப்பைக் குனிஞ்சு வாங்கி வைக்கானே, அவனை வேலைக்காரன்னு நெனச்சுப் பத்து ரூபா நீட்டிறாதே. அவன் சேவை செய்ய வந்தவன், அவன் கார் நம்ம குவார்ட்டர்ஸை விடப் பெரிசா இருக்கும். லங்கர்னு அங்க போடுத சாப்பாட்டுப் பந்தியில தரையில சம்மணம் போட்டு உக்காரணும், ரொட்டி வந்தா ரெண்டு கையையும் ஏந்தி வாங்கணும். கடா பிரசாதம்னு கோதுமை மாவும் சர்க்கரையும் நெய்யுமாக் கிண்டி, சூடா உள்ளங்கையில வைப்பாங்க. விரல் இடுக்கெல்லாம் நெய் வழியும். படம் எடுக்கணும்னு போனைத் தொட்டேன்னு வையி, உன் போன்தான் போச்சு.

நம்ம ஊரு ஆளுகளுக்கு டெல்லியில நம்ம ஆளுக என்ன செஞ்சிருக்காகன்னு பாக்க ஆசை இருக்கும்லா? மோதி பாக் தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாசல்ல, ஸ்கூல் விடுத நேரத்துல கொண்டுபோயி நிறுத்து. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தோட ஏழு பள்ளிக்கூடத்துல அது ஒண்ணு. கழகத்தோட ஆரம்பம் 1923. வெள்ளைக்காரன் கோடை வந்தா சர்க்காரையே மூட்டை கட்டிச் சிம்லாவுக்குத் தூக்கிக்கிட்டு ஓடுவான். கூடவே குமாஸ்தா குடும்பமும் ஓடும். நம்ம ஆளுக அந்த அலைச்சல்லயும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டாக, பாத்துக்கோ. இப்ப அந்த வாசல்ல ரெண்டு பிள்ளைக சண்டை போட்டா, திட்டுதது இந்தியில இருக்கும், அழுதது தமிழ்ல இருக்கும். சித்தி அங்கருந்து நகரமாட்டா.

சாயங்காலம் ஆர்.கே. புரம் மலை மந்திர். 1973-ல கும்பாபிஷேகம் ஆன சுவாமிநாதன் கோயில். படி ஏறுறதுக்கு முன்னால சித்தப்பா முழங்காலைக் கேட்டுக்கோ. மேல அர்ச்சனைத் தட்டோட நிக்கும்போது நம்ம ஊரு ஆளு ஒருத்தர் "நீங்க எந்த ஊரு"ன்னு கேப்பாரு. அஞ்சு நிமிசத்துல சம்பந்தி வழியில சொந்தம்னு கண்டுபிடிச்சிருவாக. நீ கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு நிக்காதே.

ரயில் மியூசியம் பக்கந்தான். பாட்டியாலா மகாராசா ஓட்டுன ஒத்தைத் தண்டவாள வண்டி இருக்கு, ரயில்ல வந்தவருக்கு ரயிலைக் காட்டினா சலிக்காது. அதுவும் திங்கள் லீவு, ஞாபகம் வச்சுக்கோ. சத்ய நிகேதன் காப்பிக்கடைக்கு மட்டும் வேண்டாம். வெங்கடேஸ்வரா காலேஜ் பிள்ளைக உக்காந்து பேசுத இடம் அது. அங்க பில்லைப் பாத்தா சித்தப்பா அந்தக் காசுக்கு எத்தன படி நெல்லுன்னு கணக்குப் போடுவாரு, சத்தமாப் போடுவாரு.

கடைசியா சரோஜினி நகர் மார்க்கெட். சித்திக்கு ஒரு ஸ்வெட்டர், பேத்திக்கு ரெண்டு கவுன். எனக்கு இந்தி தெரியும்னு நீ முந்திக்கிட்டுப் பேரம் பேசப் போயிறாதே. நீ "பையா, பையா"ன்னு கெஞ்சி அம்பது ரூபா குறைப்பே. சித்தி துணியை வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, தையலை நகத்தால ஒரு நெருடு நெருடி, கடைக்காரன் சொன்ன விலையில பாதிக்கு விரலைக் காட்டிட்டு நடையைக் கட்டுவா. நாலு எட்டு வைக்குமுன்ன அவனே கூப்பிடுவான். நீ பையைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால நில்லு, போதும்.