எத்தனை பர்சன்ட்?

நண்பர்கள் கூடியிருக்கும் இடத்தில், ஏதோ ஒரு வீடியோ கேமை முடித்துவிட்டதாக வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள். மூலையில் இருப்பவர் டீ டம்ளரைக் கீழே வைப்பார்.

"முடிச்சேன்னா? ஸ்டோரி முடிச்சியா, கேம் முடிச்சியா?"

வயது முப்பத்தைந்துக்கு மேல். ஐ.டி. உத்தியோகம், இ.எம்.ஐ. ஃபிளாட், இரண்டு வயதில் ஒரு குழந்தை. யார் எதை முடித்தார்கள் என்று சான்றிதழ் தரும் தாசில்தார் வேலையை எவரும் கொடுக்காமலே ஏற்றுக்கொண்டவர். கடைசி வில்லனைக் கொன்றவனுக்கு "ஸ்டோரி முடிச்சேன்" என்று சொல்ல மட்டுமே அனுமதி. சில்லறை மிஷன்களையும் தீர்த்தால் "முடிச்சேன்". எல்லா டிராஃபியும் விழுந்து பிளாட்டினமும் வந்தால்தான் "கம்ப்ளீட்". ஈஸி மோடில் ஆடியவன் "பார்த்தேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். யூடியூபில் பார்த்தவன் வாயே திறக்கக் கூடாது.

இந்தக் கறார் பிரவுசிங் சென்டர் காலத்துப் பழக்கம். 2002-இல் வந்த 'வைஸ் சிட்டி'யை அன்றைக்கு முடிக்காத பையனே கிடையாது, அவரவர் வாக்குமூலப்படி. நடந்தது என்னவென்றால், 'பான்சர்' என்று தட்டி ஒரு டாங்கியை வரவழைத்து, ஊரை நசுக்கி, மணி முடிந்ததும் எழுந்துபோவார்கள். பாதிப் பேர் அந்தப் பொம்மை ஹெலிகாப்டர் மிஷனையே தாண்டியதில்லை. நம்மவர் மட்டும் ஒளித்துவைத்த 100 பொட்டலங்களையும் தேடி எடுத்து, நூறு சதவீதம் தொட்டார். பரிசாகக் கதாநாயகனுக்கு ஒரு டி-ஷர்ட் கிடைக்கும். இவ்வளவு பாடுபட்டு இதுதானா கிடைத்தது என்று அதிலேயே கேலியாக எழுதியிருக்கும். இவர் அதைப் பட்டமளிப்பு அங்கியாக எடுத்துக்கொண்டார்.

அந்த கேலியாவது எழுத்தில் இருந்தது. 'செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்' 2017-இல் வந்தபோது 900 கொரோக் விதைகளை மலை மலையாய் ஏறிப் பொறுக்கினார். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அத்தனையும் கொண்டுபோய்க் கொடுத்தால் கிடைப்பது பொன்னிறத்தில் பளபளக்கும் ஒரு சாணிக் குவியல். நாற்றமடிக்கும் என்ற குறிப்பும் உண்டு. அந்தப் படத்தை இன்றும் போனில் வைத்திருக்கிறார். மகளின் படங்களுக்கு நடுவில்.

2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுப் பையன் ஒருவன் நிண்டெண்டோவின் பழைய டெட்ரிஸை 157-ஆம் லெவல் வரை ஆடி, கேமே உறைந்துபோகும்படி செய்தான். மனிதர்களில் அவன்தான் முதல் ஆள். உலகமே டெட்ரிஸை முடித்துவிட்டான் என்று கொண்டாடியது. தாசில்தார் கையெழுத்துப் போடவில்லை. "ஹேங் ஆக்குறது வேற, முடிக்கிறது வேற. நம்ம ஆபீஸ் சிஸ்டம் தினம் ஹேங் ஆகுது, வேலை முடிஞ்சிடுச்சா?"

இப்படிப்பட்டவர் தடுமாறிய இடம் மாமியாரின் கைபேசி.

"அத்தை, கேண்டி க்ரஷ்ல எங்க இருக்கீங்க?"

"நாலாயிரத்துச் சொச்சம், மாப்ளே."

"மொத்தத்துல எத்தனை பர்சன்ட்?"

"அவன்தான் புதுசு புதுசா சேத்துக்கிட்டே இருக்கானே. அது எங்க முடியப்போவுது?"

மாப்பிள்ளைக்கு அன்று சோறு இறங்கவில்லை. முடிவில்லாத ஒன்றை ஒருவர் நிம்மதியாக ஆடுவது எந்த வகையில் சேரும்? அத்தை தூங்கியதும் அந்த போனை எடுத்து, முதல் லெவலிலிருந்து எதிலெல்லாம் மூன்று ஸ்டார் விழவில்லை என்று குறித்துக்கொள்ள ஆரம்பித்தார்.