கூடுகைத் திணை: பழைய வகுப்புத் தோழர் சந்திப்பின் இலக்கணம்

ஆய்வுச் சிக்கல்

கல்லூரியை விட்டு முப்பது ஆண்டு கழிந்தபின் ஒரு வகுப்பார் ஏன் மறுபடி கூடுகிறார்கள்? "நட்புதான், வேறென்ன?" என்பது கூடுபவர்களின் கூற்று. இவர்களில் பலர் படிக்கிற காலத்தில் ஒருவரோடொருவர் பேசியதே இல்லை என்பதால் இக்கூற்று ஆய்வுக்குரியது. தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் மூன்று பொருள்களைக் கொண்டு இதை அணுகுவோம். அவர் அகத்திணை ஏழு என்றார். எட்டாவதைக் காண 2009இல் வாட்ஸ்அப் பிறக்க வேண்டியிருந்தது.

முன்னோர் கருத்து

நட்பென்னும் பொருளுக்கு வள்ளுவர் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்களை ஒதுக்கினார். அவற்றுள் 81ஆவதான 'பழைமை', நெடுநாள் பழகியவர் உரிமையால் செய்யும் பிழைகளைப் பொறுத்தல் பற்றியது. விடியற்காலை நாலரை மணிக்கு வரும் ரோஜாப்பூ வணக்கம் அப்பிழைகளுள் அடங்குமா என்பதைப் பரிமேலழகர் தெளிவுபடுத்தவில்லை.

புறநானூற்றின் 191ஆம் பாடல் இன்னும் நேரடியான சான்று. இத்தனை வயதாகியும் நரைக்காதது எப்படி என்பது கேள்வி. நல்ல மனைவி, நிறைந்த மக்கள், குறிப்பறியும் ஏவலர், தீங்கு செய்யாத வேந்தன், சான்றோர் வாழும் ஊர் என்று பிசிராந்தையார் காரணங்களை அடுக்குகிறார். இன்றைய கூடுகைகளிலும் முதற்கேள்வி அதுவே. காரணம் மட்டும் ஒன்றாகச் சுருங்கி, பெட்டிக்கடையில் பாக்கெட்டாகத் தொங்குகிறது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருக்கும்வரை அவரும் பிசிராந்தையாரும் நேரில் கண்டதில்லை என்பது மரபு. அந்நட்பு பழுதின்றி நின்றதற்கு அதுவே காரணம் என்பாரும் உளர்.

முதற்பொருள்

நிலம்: கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதி, வகுப்பில் சேலத்துக்காரர் மிகுந்தால் ஏற்காடு. பொழுது: டிசம்பர் கடைசி வாரம். உள்ளூரில் இருக்கும் ஐம்பது பேருக்கு எது வசதி என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவிலிருந்து வரும் ஒருவரின் லீவே பெரும்பொழுதையும் சிறுபொழுதையும் தீர்மானிக்கும்.

கருப்பொருள்

தெய்வம்: செலவில் பாதியை ஏற்றுக்கொண்ட அதே அமெரிக்க நண்பர். உணா: சர்க்கரை போடாத காப்பியும், அதற்குத் துணையாக மைசூர்பாகும். யாழ்: புளூடூத் ஸ்பீக்கர். பண்: இளையராஜா, எண்பதுகளைத் தாண்டினால் சபை ஏற்காது. செய்தி, அதாவது தொழில்: குரூப் போட்டோ எடுத்தல். உயரமானவர்கள் பின்வரிசைக்கு என்ற பழைய விதி மாறி, இப்போது முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலிக்கு.

வாட்ஸ்அப் குழுவும் கருப்பொருளே. 2022 முதல் ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். அறுபது பேர் படித்த வகுப்புக்கு ஒரு குழு தாராளமாகப் போதும். ஆனால் மூன்று இருக்கும். முதலாவது எல்லாருக்குமானது. இரண்டாவது ஆண்கள் மட்டும். மூன்றாவது, குழுவில் அரசியல் பேசக் கூடாது என்று கோபித்து விலகியவர்கள் அரசியல் பேசுவதற்கென்றே தொடங்கியது. குழுவில் பெண்கள் குறைவாக இருப்பதற்கு அவர்களின் விருப்பமின்மை மட்டும் காரணமன்று. திருமணத்துக்குப்பின் இனிஷியலே மாறிவிட்டவரை எந்தப் பெயரில் தேடுவது?

உரிப்பொருள்

குறிஞ்சிக்குப் புணர்தலும் புணர்தல் நிமித்தமும். இத்திணைக்கு ஒப்பிடுதலும் ஒப்பிடுதல் நிமித்தமும்.

இதுவும் பருவத்துக்கேற்ப மாறும். பத்தாம் ஆண்டில் சம்பளமும் விசாவும். இருபதாம் ஆண்டில் வாங்கிய மனையும் பிள்ளையின் கட்-ஆஃபும். வெள்ளிவிழாவில் ஒப்பிடுதல் உச்சம் தொடுகிறது. முதல் மாணவரும் கடைசி பெஞ்சுக்காரரும் ஒரே மேசையில் அமர, பில்லைக் கடைசி பெஞ்சுக்காரர் கொடுப்பது இந்தக் கட்டத்தில்தான். சிறப்பு விருந்தினராக வந்த பேராசிரியரும் முதல் மாணவரைப் பார்த்து "நீங்க இந்த செட்டா?" என்கிறார். அரியர் வைத்தவர்களை மட்டும் பெயர் சொல்லி அழைக்கிறார்.

முப்பத்தைந்தாம் ஆண்டில் புதிய தேர்வு ஒன்று வருகிறது: எச்பிஏ1சி. கடந்த மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையை இது காட்டிவிடுவதால், முதல்நாள் ராத்திரி மட்டும் உருப்போட்டுப் பாஸாகும் கலை இங்கே செல்லாது. இதில் குறைந்த மதிப்பெண்ணுக்கே மரியாதை. அதற்குத் தேவையான நெடுநாள் பயிற்சி கடைசி பெஞ்சில் மட்டுமே உண்டு. ஆனாலும் தேறியவர்கள் மிகச் சிலர் என்பதால் சபையில் முதன்முறையாகச் சமத்துவம் பிறக்கிறது. ஒருவர் மாத்திரைப் பெயரைச் சொல்ல, எதிரே இருப்பவர் "எனக்கும் அதேதான்டா" என்று பையிலிருந்து எடுத்துக் காட்டுகிறார். அதன்பின் நடக்கும் பேச்சில் யாரும் யாருடைய வேலையையும் விசாரிப்பதில்லை. ஹாஸ்டல் மெஸ் சாம்பாரில் பருப்பு இருந்ததா என்று இரண்டு மணிநேரம் வாதிடுகிறார்கள்.

முடிபு

ஆகவே, கூடுகைக்கு நட்பு காரணமன்று. நட்பு அதன் விளைவு. அதுவும் ஒப்பிடுவதற்கு எதுவும் மிஞ்சாத வயதில் தாமதமாகக் கிடைக்கும் விளைவு. இடையில் வந்த கூடுகைகளெல்லாம் அதற்கான வருகைப்பதிவு.

ஆயினும் இம்முடிபைத் தற்காலிகமானதாகவே கொள்க. அண்மையில் குழுக்களில் பேரப்பிள்ளைகளின் படங்கள் வரத் தொடங்கியுள்ளன. கூடவே, எந்தப் பேத்தி எத்தனையாவது மாதத்தில் நடந்தாள் என்ற தகவலும்.