பொடியெழுத்துப் புலவர்

எங்கள் பகுதி சூப்பர் மார்க்கெட்டில் பிஸ்கட் அடுக்குக்கு முன்னால் ஒருவர் செல்போன் டார்ச் அடித்தபடி குனிந்து நின்றால், பாவம், எதையோ தொலைத்துவிட்டார் என்று உதவிக்குப் போய்விடாதீர்கள். நான் போனேன். வெளியே வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

வீட்டுக் கடன் பத்திரத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்ட மனிதர் இவர். மகளுக்கு மூன்று வயதானதும் பத்து ரூபாய் பாக்கெட்டை ஜூம் பண்ணிப் படிக்கிறார். பாக்கெட்டின் முன்பக்கத்தை மட்டும் பார்க்கவே மாட்டார். கோதுமைக் கதிர், பால் கிண்ணம், சிரிக்கும் குழந்தை எல்லாம் அவருக்குத் தரகர் பேச்சு. "பின்னாடிதான் சார் ஜாதகம்."

ஜாதகம் பார்க்க எனக்கும் கற்றுக்கொடுத்தார். எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். அவர் கையிலிருந்த ராகி பிஸ்கட்டில் மைதா முதலில், அடுத்து சர்க்கரை, பிறகு பாமாயில். பெயர் கொடுத்த ராகி, கல்யாணத்துக்குப் பணம் கொடுத்த பெரியப்பா மாதிரி கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருந்தது. இன்னொன்றில் சர்க்கரை கொஞ்சம் கீழே இருந்தது. நான் மகிழ்ந்தேன். அவர் விரலை நகர்த்தினார்: இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், மால்ட் எக்ஸ்ட்ராக்ட். "ஒரே ஆள் நாலு பேர்ல ரேஷன் கார்டு வாங்கியிருக்கான் சார்!"

மறுப்பதற்கில்லை. சர்க்கரை கிராமை நாலால் வகுத்தால் எத்தனை டீஸ்பூன் என்று தெரிந்துவிடும் என்பதையும் அவரிடம்தான் கற்றேன். 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பிலிருந்து பானங்களை நீக்குங்கள் என்று மத்திய வர்த்தக அமைச்சகம் இணையக் கடைகளுக்குச் சொன்ன 2024 ஏப்ரலை அவர் சொந்த வீட்டுக் கல்யாண மாதம் போலத்தான் நினைவுகூர்வார். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு பானத்துக்கு விளக்கமே கிடையாதாம். இதைக் கேட்ட குழந்தை டிராலியில் இருந்தபடியே பக்கத்து அம்மாளின் கூடையைக் காட்டி "அப்பா, மைதா!" என்று கத்தியது. அந்த அம்மாள் பாக்கெட்டை அப்பளக் கட்டுக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்.

புலவருக்குக் கண்டம், சேர்மானங்களுக்குக் கொடுத்திருக்கும் ஐ.என்.எஸ். எண்களில். ஒருநாள் பிஸ்கட்டில் ஐ.என்.எஸ். 500 என்று இருந்ததைப் பார்த்து வீட்டில் அவர் போட்ட கூச்சலில் அவருடைய அம்மா அடுக்களையிலிருந்து வந்துவிட்டார். விவரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆப்பத்துக்குப் போடற சோடா உப்புடா அது. நீ அதைத் தின்னுதான் வளர்ந்தே." 330-க்கும் அலறுவார், எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்துக்குத்தான் அந்த எண். 102-ஐ ஒதுக்குவதில் மட்டும் நான் அவர் கட்சி. அந்த மஞ்சள் நிறமி சேர்த்தால், குழந்தைகளின் கவனத்தைப் பாதிக்கலாம் என்று பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கியிருக்கிறது.

எண்ணைக் கண்டு நடுங்குபவர் சொல்லைக் கண்டால் சொக்கிப்போவார். அன்று கடைசியில் ஒரு குக்கியைக் கண்டுபிடித்தார். பட்டியலில் முதலிடம் நாட்டுச் சர்க்கரைக்கு. முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்க சார், முதல்லயே!" அதையும் நாலால் வகுக்கலாமே என்றேன். என்னை அவர் பார்த்த பார்வையில், பிஸ்கட் கம்பெனியிடம் நான் மாமூல் வாங்குபவன் என்று முடிவுகட்டியது தெரிந்தது.

அந்தக் குக்கியோடு வெளியே வந்தார். வாசலில் வாழைப்பழ வண்டி. குழந்தை கை நீட்டியது. புலவர் ஒரு சீப்பைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காம்பைப் பார்த்தார். பழக்க தோஷத்தில் டார்ச்சும் அடித்தார்.

"கார்பைடு கல் வெச்சதா?"

"இல்லீங்க."

"எப்படி நம்பறது?"

பழக்காரர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். "என்ன எழுதணும்னு சொல்லுங்க சார், எழுதி ஒட்டித் தர்றேன்."