படம் சொல்லாததையும் சொல்பவர்

சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமமோ, நகருக்குள் ஏதாவதொரு கண்காட்சிக் கூடமோ, சனிக்கிழமை சாயங்காலம் போனால் இவரைப் பார்க்கலாம். கதர் ஜிப்பா, தோளில் ஜோல்னாப் பை. உருவமில்லாத ஓவியத்தின் முன்னால் யாராவது திருதிருவென்று முழித்தால் போதும், எங்கிருந்தோ வந்து பக்கத்தில் நிற்பார்.

"தம்பி, ரெண்டடி பின்னால வாங்க. கண்ணைப் பாதி மூடுங்க. இப்ப அந்தக் கறுப்புல ஒரு தவிப்பு தெரியுதா?"

தெரியவில்லை என்று சொல்லும் தைரியம் யாருக்கு இருக்கிறது? "தெரியுது சார்."

அவர் அகராதியில் சிவப்பு கோபம், நீலம் தனிமை, வண்ணமே படாத இடம் மௌனம். ஓரத்தில் வடிந்து காய்ந்த சொட்டுக்கும் ஒரு காரணம் வைத்திருப்பார். மஞ்சள் மட்டும் அன்றைக்குக் கிடைத்த காபியைப் பொறுத்தது. போன வாரம் 'விடுதலை' ததும்பிய அதே படத்தில் இந்த வாரம் 'மரண பயம்' தெரிகிறது. படத்தில் யாரும் கை வைக்கவில்லை. இடையில் அவருடைய ஸ்கூட்டரை நோ பார்க்கிங்கில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், அவ்வளவுதான்.

பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை என்றால் கொண்டாட்டம். எழுத்து மாதிரி இருக்கும், ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கும், கணக்கு மாதிரியும் இருக்கும், வாசிக்க முடியாது. வாசிப்பதற்காக எழுதியதும் இல்லை. இவர் வரி வரியாக வாசிப்பார். ஒரு கட்டத்தைக் காட்டி, ஏழில் சனி என்று இவர் சொல்லப்போய், கல்யாணமாகாத ஒரு பையன் முகம் வாடியதும் உண்டு.

சும்மா சொல்லக் கூடாது. இவர் பிடித்து நிறுத்துவதால்தான் பலர் ஒரு படத்தை ஐந்து நிமிஷமாவது பார்க்கிறார்கள்.

ஒரு நாள் கல்லூரிப் பெண் ஒருத்தி மடக்கினாள். வண்ண டேப்புகளை ஒட்டி ஓவியர் மோந்திரியான் 1941-ல் செய்த 'நியூயார்க் சிட்டி 1', எழுபது வருஷத்துக்கு மேலாகத் தலைகீழாகத் தொங்கியிருக்க வேண்டும் என்று 2022-ல் ஜெர்மனியின் டூசல்டார்ஃப் அருங்காட்சியகத்தில் கண்டுபிடித்தார்கள். மோந்திரியானின் அறையில் எடுத்த பழைய புகைப்படத்தில், நெருக்கமான கோடுகள் மேலே இருந்தன, சுவரிலோ கீழே. "இத்தனை வருஷமா அதுக்கு விளக்கம் சொன்னவங்க கதி என்ன அங்கிள்?"

இவர் அசரவில்லை. "தலைகீழா மாட்டினாலும் தவிப்பு தவிப்புதாம்மா."

அங்கேயும் படத்தைத் திருப்பி மாட்டவில்லை. திருப்பினால் பழைய டேப் பிய்ந்துவிடுமாம்.