மஞ்சளின் இலக்கம்

அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த ஊர் மானிப்பாய். அங்கே முழங்கால் உரஞ்சிக்கொண்டு வரும் பெடியனுக்கு ஆச்சி மஞ்சள் பூசுவா. யாரிடமும் உரிமம் கேட்பதில்லை. 1995இல் அதற்கும் இலக்கம் விழுந்தது: அமெரிக்கக் காப்புரிமை 5401504. உரிமையாளர், மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம்.

கண்டுபிடிப்பை ஊரறியச் சொல்வதற்குக் கூலிதான் காப்புரிமை. ஊரறியச் சொன்ன விதத்தைப் பாருங்கள்: இணையத்தில் ஒரு காலம் காப்புரிமைப் பத்திரத்தின் பக்கத்துக்கு ஒரு டிஃப் படம், அதைத் திறக்கவே தனி மென்பொருள். பக்கங்களைப் பொறுக்கிக் கோத்து ஒரே பிடிஎஃப் ஆக்கித் தரச் சில புண்ணியவான்கள் இலவசச் செயலிகள் எழுதினார்கள். 2006இல் கூகுள் தன் காப்புரிமைத் தேடலோடு வந்து அந்தப் புண்ணியத்திலும் பங்கு கேட்டது.

அந்த மஞ்சள் காப்புரிமையை எதிர்த்து இந்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களைத் தூக்கிக்கொண்டு போய் 1997இல் வென்றது. ஆச்சியையே சாட்சிக்கு அனுப்பியிருக்கலாம் என்பீர்கள். அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் வெளிநாட்டு வழக்கம் எடுபடாது. அச்சில் இருக்க வேண்டும். ஆச்சியோ பிடிஎஃப்பில் இல்லை. தோற்றுப்போன பத்திரம் இருக்கிறது. இன்றைக்கும் ஒரே சொடுக்கில் இறங்கும்.