ஊர் ஒன்று, வழி இரண்டு

கேள்வி: மதுரையிலிருந்து சென்னைக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஒரு கட்டணம், போடி (போடிநாயக்கனூர்) வண்டியில் கூடுதல் கட்டணம். ஏன் சார்?
– ஏலத்தோட்டத் தொழிலாளி, உடும்பஞ்சோலை

பதில்: ஊர்தான் ஒன்று, வழி வேறு! பாண்டியன் திருச்சி, விழுப்புரம் வழியாக 500 கி.மீ.க்குள் சென்னை சேர்கிறது. 2023 ஜூனில் போடிக்கு வந்த வண்டியோ கரூர், சேலம், காட்பாடி என்று சுற்றி 550ஐத் தாண்டுகிறது. ரயில்வே காசு வாங்குவது ஊருக்கு அல்ல, ஓடும் தூரத்துக்கு.

உங்கள் இடுக்கி மாவட்டத்தில் தண்டவாளமே இல்லை. மலையிறங்கி வரும் உங்களுக்குப் போடிதான் வாசல். அதனால் ஒன்றை நினைவில் வையுங்கள். போடி–மதுரை, மதுரை–சென்னை என்று டிக்கெட்டைத் துண்டு போடாதீர்கள். ஏலக்காயை மொத்தமாக வாங்குவது போலத்தான். தூரம் கூடக் கூட கிலோமீட்டர் விலை இறங்கும். அதைவிட முக்கியம், ஸ்லீப்பரில் கட்டணத்துக்கான குறைந்தபட்சத் தூரம் 200 கி.மீ. போடியிலிருந்து மதுரைக்கு 90 கி.மீ.தான், படுத்துப் போனால் 200க்கும் கொடுக்க வேண்டும். கூலிக்காரர் பையில் இது சின்ன அடி இல்லை. மதுரை வரை மட்டும் என்றால், முன்பதிவில்லா வண்டியில் உட்கார்ந்தே போய்விடுங்கள். இந்த 200 கி.மீ. விதியைப் போடி கவுண்டரில் தமிழில், பெரிய எழுத்தில் எழுதி வைக்கட்டும் ரயில்வே!