வனபோஜனக் காரியதரிசி

கத்திரி வெயில் பிறந்து, காக்கை கூட வேப்ப மரத்து நிழலை விட்டு வெளியே வர யோசனை பண்ணுகிற மே மாதத்தில், நீள நோட்டு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சார், இந்த வருஷம் எங்கே போகலாம்?" என்று வாசற்படி ஏறுகிறாரே, அவரைத்தான் சொல்கிறேன். எங்கே போவதென்பதை அவர் தை மாதமே நிச்சயம் செய்தாகிவிட்டது. நம்மைக் கேட்பது வெறும் சம்பிரதாயம். போகாமலே இருந்துவிட்டால் என்ன என்கிற பதிலை எழுதிக்கொள்ள அந்த நோட்டில் இடம் கிடையாது.

நம் முன்னோர்கள் விவேகிகள். ஆற்றில் புதுப்புனல் வருகிற ஆடி 18-இல் சித்திரான்னம் கட்டிக்கொண்டு கரைக்குப் போனார்கள். அங்கே தண்ணீரும் இருந்தது, காற்றும் இருந்தது. நம் காரியதரிசியோ, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மூடியிருக்கிறது என்னும் ஒரே காரணத்தை முன்னிட்டு, நீர் வற்றிக் கரை வெடித்துக் கிடக்கும் காலமாகப் பார்த்துப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வேன் பேசுகிறார். நம் குத்தம்பாக்கத்திலிருந்து திருவள்ளூர் வழியாக வெந்துகொண்டே போய் நாம் தரிசனம் செய்ய இருக்கும் அந்தத் தண்ணீர், இணைப்புக் கால்வாய் வழியே தானாகவே புறப்பட்டு நமக்குப் பக்கத்திலுள்ள செம்பரம்பாக்கம் ஏரிக்கு வந்து சேருகிறதே என்று நான் பணிவுடன் விண்ணப்பித்துக் கொண்டேன். "அது குடிக்கிற தண்ணி சார், இது பார்க்கிற தண்ணி" என்றார். மேலும், சென்னை மேயராக இருந்து அந்த நீர்த்தேக்கத்துக்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தி, 1944-இல் வேலை முடிந்தபோது அதைக் காண உயிரோடு இல்லை. அவர் பெயர் தாங்கிய சாகரத்தை நாமாவது போய்ப் பார்க்க வேண்டாமா என்று காரியதரிசி தொண்டை கரகரக்கக் கேட்கும்போது, தேசாபிமானம் உள்ளவன் எவன் மறுப்பான்?

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. பொறுக்க முடியாதது அவருடைய இட்லிக் கணக்கு.

தலைக்கு 3 என்றால் பசிக்கும், 4 என்றால் மிஞ்சும் என்று பல வருஷ அனுபவத்தில் கண்டுபிடித்து, தலைக்கு மூன்றரை என்று அவர் சித்தாந்தம் செய்திருக்கிறார். 22 பேருக்கு 77 இட்லி. ஒன்று கூடாது, ஒன்று குறையாது. அந்த அரை இட்லியை என்ன செய்வது என்று உலகம் கேட்குமல்லவா? அதற்காகவே நோட்டின் நடுப்பக்கத்தில், சிவப்பு மையில் கோடு கிழித்து, ஜோடிப் பட்டியல் ஒன்று தயாரித்திருந்தார். இன்னாருக்கு இன்னார் அரை இட்லி ஜோடி என்று விவாகப் பத்திரிகையைப் போல எழுதப்பட்டிருந்த அந்தப் பட்டியலில், எனக்கு ஜோடியாக வாய்த்தவன் மூன்றாம் வீட்டுப் பையன். கல்லூரியில் பளு தூக்குகிறவன். இட்லியைப் பிட்டது அவன். எந்தப் பாதி என் இலைக்கு வந்தது என்பதை விவரிக்க வேண்டியதில்லை. எதிர்வீட்டுப் பாட்டிக்கும் அவர் மருமகளுக்கும் ஜோடி போட்டுவிட, பத்து வருஷமாக வீட்டுக்குள்ளேயே இருந்த மனஸ்தாபம் அணைக்கட்டின் மீது அரை இட்லி உருவத்தில் வெளிப்பட்டது.

வேனில் ஏறும்போது ஒரு தரம், திருவள்ளூரில் டீ குடிக்க இறங்கும்போது ஒரு தரம், ஏறும்போது ஒரு தரம் என்று எங்களைத் தலை தலையாக எண்ணி, நோட்டைப் பார்த்து, "22. சரியா இருக்கு. இது பரமார்த்த குரு சீடர்கள் கணக்கில்லை சார், தன்னை விட்டுட்டு எண்றதுக்கு!" என்று அவர் பெருமைப்பட்டபோது, எனக்கே அவர் மீது ஒரு வாத்ஸல்யம் உண்டாயிற்று. பொய் சொல்வானேன்? அந்த மனிதர் இல்லாவிட்டால் எங்கள் தெருவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான். நண்பகலில் அந்தப் பாட்டிக்குக் குடை பிடித்தபடி, தம் தலை கொதிக்க அரை மணி நேரம் நின்றவரும் அவரே.

ஆனால், சாப்பாடு முடிந்து எல்லோரும் மர நிழலில் சாய்ந்திருந்த வேளையில் எனக்கு ஒரு துர்ப்புத்தி தோன்றியது. இவருக்கு யார் ஜோடி? மிளகாய்ப் பொடி எண்ணெயில் பெருவிரல் ரேகை பதிந்திருந்த அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். முதல் எண்: காரியதரிசி. அவருக்கு ஜோடி, 14-ஆம் எண். 14-ஆம் எண் யாரென்று பார்த்தால், குடும்பத் தலைவர் என்கிற ஹோதாவில், இரண்டு பிள்ளைகளின் பெயருக்கு மேலே, மறுபடியும் அவரே! தமக்குத் தாமே ஜோடியாகி, பிட வேண்டிய அவசியமே இல்லாத முழு இட்லி ஒன்றை அடைந்திருந்தார்.

சிரித்துக்கொண்டே நோட்டை மூடப் போனவன் நின்றேன். ஒருவர் இரண்டு தரம் எழுதப்பட்டும் தலைக்கணக்கு 22 என்று சரியாக வந்ததென்றால், வந்திருப்பவர்களில் யாரோ ஒருவர் பட்டியலில் இல்லை. பெயர் பெயராகப் பார்த்தேன். அவர் மனைவி இல்லை.

"ஏன் சார், அண்ணி பேரைக் காணோமே?"

"அவ வராம இருப்பாளா? அவளை எதுக்கு சார் எழுதணும்?" என்றார், துளியும் கல்மிஷம் இல்லாமல்.

இரவு 2 மணிக்கு எழுந்து 77 இட்லியையும் அவித்து, பொடி தடவி, வாழை இலையில் கட்டியவர் அந்த அம்மாள். எங்களுக்கெல்லாம் பரிமாறியவரும் அவரே. அப்போது ஏரி அவருக்கு முதுகுப் பக்கம் இருந்தது. அன்று அவர் என்ன சாப்பிட்டார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.